கடல் இல்லாத மாநிலத்தில் ஒரு கடல் காட்சி

எங்கள் கான்ஸஸ் மாநிலத்தில் கடல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வாரியத்துக்கே இது மூன்றாவது கூட்டத்தில்தான் தெரியவந்தது.

வாரியத்தின் முழுப்பெயர் சாலைப் பயணத் திரைப்பட ஊக்குவிப்பு வாரியம். ஒருவருக்கொருவர் ஒட்டாத இரண்டு பெண்கள் ஒரே காரில் போவார்கள், சண்டை போடுவார்கள், அழுவார்கள், தோழிகளாவார்கள். அந்த மாதிரிப் படம்தான் இப்போது ஓடுகிறது என்று யாரோ எங்கள் தலைவர் ஹார்லன் க்ரீவின் காதில் போட்டுவிட்டார்கள். நடிகைகள் கூடாது, நிஜ மனுஷிகளே நடிக்க வேண்டும் என்பது இந்த வருஷத்து மோஸ்தர். அரசு மானியத்துக்கு முக்கிய நிபந்தனை, படத்தின் ஒவ்வொரு அங்குலமும் மாநில எல்லைக்குள் எடுக்கப்பட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள என்னை நியமித்தார்கள். லைல் பென்னர், எல்லைக் கண்காணிப்பாளர், இரண்டாம் நிலை. முதல் நிலையில் யாரும் இல்லை.

தேர்வானவர்களில் ஒருவர் வெர்னா ஷ்ராக். எழுபத்தொரு வயது, மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர், நெடுஞ்சாலை ஓரத்தில் முட்டைக்கோஸும் இறைச்சியும் அடைத்த பன் விற்பவர். பிறந்த மாவட்டத்தைத் தாண்டியதில்லை. மற்றவர் ஒடெஸா டாலிவர். பதினெட்டுச் சக்கர லாரியில் நாட்டையே அளந்தவர். இரண்டு விவாகரத்து, ஒரு தங்கப்பல், தெருமுனை வரை கேட்கும் குரல்.

வெர்னா இந்தக் கூத்துக்குச் சம்மதித்தது ஒரே காரணத்துக்காக. படக் கதையின் கடைசியில் கடல் வருகிறது. அவருக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்று கிறிஸ்துமஸ் வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதலில் வேற்றுமைப் படிவம்.

"உங்க ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் க்ரீவ்.

"ஏன் சார், கண்ணு தெரியலையா?" என்றார் ஒடெஸா.

"ஒத்தக் கண்ணு, எனக்கே தெரியுதே!" என்றார் வெர்னா.

"ஏழு வித்தியாசம் வேணும்மா. ஆறுதான் தேறுது. காபியில ரெண்டு பேருமே சர்க்கரை போடுறதில்ல."

"அவ்வளவுதானே? நாளையிலேர்ந்து நான் போட்டுக்கறேன்."

திருமதி ஷ்ராக் சர்க்கரைக்கு மாற இசைந்தமை பதிவு செய்யப்பட்டது.

அடுத்த கேள்வியில்தான் வினை வந்தது. "ரெண்டு பேருக்கும் எத்தனை நாள் பழக்கம்?"

"பதினோரு வருஷமா இவ கடையிலதான் பன் வாங்கறேன். அம்மா செத்தப்ப இவ மடியிலதான் அழுதேன்," என்றார் ஒடெஸா.

க்ரீவின் முகம் தொங்கிவிட்டது. விதி பதினான்கின்படி, நட்பு படத்தின் ஐம்பத்து நான்காவது நிமிடத்தில் மலர வேண்டும். அதற்கு முன் மலர்வது முறைகேடு. எனவே இருவரும் தொடர்ந்து முப்பது நாள் அந்நியர்களாக இருந்து தகுதி பெற வேண்டுமென உத்தரவாயிற்று. கண்காணிக்க நான்.

ஒடெஸா லாரியை நிறுத்துவார், இரண்டு விரலைக் காட்டுவார், வெர்னா வாய் திறக்காமல் இரண்டு பன்னை நீட்டுவார். இருபத்தேழாம் நாள் வெர்னாவின் மூக்கில் மாவு ஒட்டியிருந்தது. ஒடெஸா சிரித்துவிட்டார். நான் குறித்துக்கொண்டேன். முப்பது நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. வெர்னாவின் கண்ணில் ஒரு மாதம் அப்படியே போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்றாவது கூட்டத்தில் வரைபடத்தை விரித்தோம். கடலைக் காணோம்.

"தண்ணி தண்ணிதானே? நம்ம நீர்த்தேக்கத்துல எடுத்துடலாம்," என்றார் க்ரீவ். மேற்படி நீர்த்தேக்கம் படப்பிடிப்பு முடியும்வரை கடலாகக் கருதப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. இரண்டு மூட்டை உப்பும் கொட்டினோம்.

நவம்பரில் வெர்னாவைக் கரையில் நிறுத்தினார்கள்.

"முதல் தடவையா கடலைப் பாக்கறீங்க. அழுங்கம்மா!" என்று கத்தினார் க்ரீவ்.

"இதுவா? சின்ன வயசுல நான் நீச்சல் கத்துக்கிட்ட ஏரிங்க இது," என்றார் வெர்னா. பிறகு நிஜமாகவே அழுதார். காட்சி மிகச் சிறப்பாக வந்திருப்பதாக எல்லோரும் கை தட்டினோம்.

பாக்கி இருந்தது கடைசி ஷாட். மேற்கு எல்லையில் நான் வரைந்த வெள்ளைக் கோட்டருகே கார் வந்து நிற்க வேண்டும். வந்தது, நின்றது. என்ஜினை மட்டும் ஒடெஸா அணைக்கவில்லை.

"ஆபீஸரே, இப்படியே ரெண்டு நாள் ஓட்டினா நிஜக் கடல். பின் சீட்டு காலி. ஏறுறீங்களா?"

"பன்னு இருக்கு தம்பி, இன்னும் சூடு ஆறல," என்றார் வெர்னா.

ஏற வேண்டும் போலத்தான் இருந்தது. "நான் லீவு எழுதிக் குடுக்கலையேம்மா," என்றேன். "கோட்டைத் தாண்டினா மானியமும் போயிடும்."

"அப்ப கோட்டைப் பத்திரமா பாத்துக்கோங்க!" என்றார் ஒடெஸா. கார் போய்விட்டது. கேமராக்காரர் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் கோட்டுக்குக் காவலாக நின்றேன்.

எல்லைக்கு வெளியே போன கடைசிப் பகுதியை வாரியம் வெட்டியெறிந்தது. ஆகவே படத்தில் கார் இன்றைக்கும் கோட்டருகேதான் நிற்கிறது.

முதல் காட்சி அன்று காலை ஒரு தபால் அட்டை வந்தது. கோணல் மாணலான எழுத்து: "நிஜமாவே உப்புக் கரிக்குது தம்பி. ஒடெஸா கத்துறதைவிடப் பெருசா சத்தம் போடுது. பாத்துட்டேன்." 'எல்லைக்கு அப்பாற்பட்டது, ஏற்க இயலாது' என்று முத்திரை குத்திக் கோப்பில் வைத்தேன். மாலையில் மேடையில் என்னை முதல் நிலைக்கு உயர்த்தினார்கள். இரண்டாம் நிலையில் இப்போது யாரும் இல்லை.

படம் முடிந்து இருநூறு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். நாமும் ஒருநாள் இப்படிக் கிளம்பிவிட வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிறகு அவரவர் சாவியை எடுத்தார்கள். இருநூறு பேருக்கு இருநூறு கார். ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போயின, பின் சீட்டு காலியாக. கடைசியாகப் போனது என்னுடையது.