ஜெர்மனி விஷயம் வெளியே வந்த விதம்

மதிப்பிற்குரிய, இதைப் படித்ததும் என்னை அடிக்கத் தேடப்போகிற ஆஷா அக்காவுக்கு,

ஸ்ரீவராகத்திலிருந்து தம்பி சுமந்த் நமஸ்காரத்துடன் அறிவிப்பது: நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹிஸ்டரி இன்றைய நிலவரப்படி முழுக்கக் காலி. பள்ளிக்கூட ஹிஸ்டரியிலும் எனக்கு ஏறக்குறைய அதே நிலவரம்தான். பெங்களூர் பாங்க் வேலையில் நீ சௌக்கியமாக இருப்பாய். இதைப் படித்து முடிக்கும்வரையாவது அப்படியே இரு.

ஜெர்மனி வேலைக்காக உன் சர்டிபிகேட்டுகளை ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை நீயே நேரில் வந்து பெரியப்பாவிடம் சொல்லும்வரை ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது, எனக்கென்று நீ திறந்து கொடுத்த பூட்டு மெயிலிலிருந்துதான் அனுப்பவேண்டும், நம் இரண்டு பேரைத் தவிர யாரும் அதைத் திறக்க முடியாது என்று படித்துப் படித்துச் சொன்னாய். அது முழ நீளத்துக்குப் பாஸ்வேர்ட் கேட்டது. எனக்குச் சோம்பல். டியூஷனில் பக்கத்தில் உட்காரும் விஜினைக் கேட்டேன். "எந்தினாடா அதெல்லாம்? இன்காக்னிட்டோல அனுப்பு, ஒரு குஞ்ஞும் அறியாது" என்றான் மலையாளம் கலந்து; ஒரு குஞ்சுக்கும் தெரியாதாம். ஹிஸ்டரியில் எதுவும் பதியாத கறுப்பு ஜன்னல், அதில் தொப்பி, கண்ணாடி, பார்த்தாலே துப்பறியும் ஆள் மாதிரி இருந்ததா, நம்பிவிட்டேன். அதற்குள்ளே நம் வீட்டுப் பொது மெயிலைத் திறந்து அனுப்பி, ஜன்னலைச் சாத்தி, ஹிஸ்டரியில் ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு, உனக்கு "ஆபரேஷன் சக்சஸ்" என்று போட்டது அந்தத் திமிரில்தான்.

அந்த ஜன்னல் மறப்பது நான் எங்கெங்கே போனேன் என்பதை மட்டும்தானாம். போட்ட மெயில் பெட்டியில் அப்படியே உட்கார்ந்திருக்குமாம். உன் அப்பாவாகிய பெரியப்பாவோ டெஸ்பாட்ச் செக்‌ஷனில் ரிட்டயர் ஆனவர். காலையில் காபி ஆனதும் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து வீட்டு மெயிலை உரக்க வாசிப்பார். வந்ததை மட்டுமல்ல, போனதையும். கரண்ட் பில், கோயில் கமிட்டி, அடுத்தது உன் டிகிரி.

"ஏண்டா சுமந்த், இது எப்போ அனுப்பிச்சே?"

"நான் அனுப்பலை பெரியப்பா. ஹிஸ்டரி பாருங்கோ, ஒண்ணுமே இல்லே."

"ஹிஸ்டரி கிடக்கட்டும். லெட்டர் இங்கே இருக்கேடா!"

பெரியம்மா கரண்டியோடு அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள். ஜெர்மனி விஷயம் கூடத்தில் வெடித்தது. பெரியப்பா கத்தியிருந்தால் தேவலை. "என்கிட்டே சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, பாதிக் காபியோடு எழுந்து போய்விட்டார். அப்போதிருந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் ஒன்று சொல்லியாகவேண்டும் அக்கா. எத்தனை குடைந்தாலும் நான் ஒரு வார்த்தை விடவில்லை, பாறை மாதிரி நின்றேன். குற்றம் முழுக்க அந்தக் கறுப்பு ஜன்னலுடையது.

ஞாயிறுவரை காத்திருக்காதே, இன்றைக்கே அவரைக் கூப்பிடு. இதைப் பூட்டு மெயிலிலிருந்துதான் அனுப்புகிறேன், பாஸ்வேர்டை முழுசாக அடித்து.

உனக்கு விசாவும் எனக்கு மன்னிப்பும் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,
சுமந்த்

பி.கு.: பாறை என்று எழுதியதை விட்டுவிடு. மெயிலில் 'சர்டிபிகேட் இதோ' என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை. "பாங்க்ல பிரமோஷனுக்குக் கேட்டிருப்பா" என்று சொல்லி, பெரியப்பா வாசிப்பை முடித்துக் கண்ணாடியைக்கூடக் கழற்றிவிட்டார். "அப்பாடா, ஜெர்மனின்னு தெரியலை!" என்று சத்தமாகச் சொன்னது நான்தான்.