ஒட்டடை அண்ணன் நிமிர்ந்த நாள்

மதுரை ஜில்லாவில் இதுவரை பிறந்தவர்களிலேயே தன் உயரத்தைத் திருட்டுச் சாமான் போல ஒளித்து வைத்துக்கொண்டு திரிந்த ஒரே மனிதர் எங்கள் ஒட்டடை அண்ணன்தான். குட்டையானவர்கள் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். நானே அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆனால் ஆறடியைத் தாண்டி எங்கேயோ போய்விட்ட ஒருவர், எதிரே கோழி வந்தால்கூட குனிந்து வழி விடுவதை அவரிடம் மட்டும்தான் பார்த்தேன்.

முப்பதுகளில் ஒரு ஜூன் மாதம். நாங்கள் எல்லோரும் கல்லூரி ஹாஸ்டலில் புதிதாகச் சேர்ந்த நாள். நான் சமயநல்லூரிலிருந்து வந்திருந்தேன். அவர் திருவாதவூரில் விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனவர் என்பதால் எங்களைவிட வயதில் மூத்தவர். தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து வந்தார். தாழ்ந்த ஓட்டுக்கூரை. கடைசி அறைக்கு வந்து சேர்வதற்குள் வராந்தாவில் இருந்த அத்தனை ஒட்டடையும் அவர் தலையில் இருந்தது. கிளம்பும்போது கறுத்த முடியோடு கிளம்பியவர், வந்து சேர்ந்தபோது தாத்தா ஆகிவிட்டார். ஒட்டடை என்ற பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. வகுப்பில் வாத்தியார் அவருடைய சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பார், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று.

அப்போது கூடைப்பந்து எங்கள் பக்கத்துக்குப் புதிது. கல்லூரிக்குப் பின்னால் செம்மண்ணைக் கெட்டித்து, இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, வளையம் மாட்டியிருந்தார்கள். இப்போது ஆடுகிறவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தடவை கூடை விழுந்த பிறகும் எல்லோரும் நடுவட்டத்துக்குத் திரும்பி வரவேண்டும். இரண்டு பக்கத்து நெட்டையர்களும் எதிரும் புதிருமாக நிற்க, நடுவர் பந்தை மேலே தூக்கிப் போடுவார். எவன் தட்டுகிறானோ அவன் கட்சிக்குப் பந்து. அதனால் எந்தக் கல்லூரியில் நெட்டையன் இருக்கிறானோ, அங்கேதான் கோப்பை இருக்கும்.

எங்கள் டிரில் மாஸ்டர் மதராஸில் போய் அந்த ஆட்டத்தைப் படித்துவிட்டு வந்தவர். ஒட்டடை அண்ணனைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கடவுள் கொடுத்திருக்கான்யா" என்று என்னிடமே சொன்னார். ஒரு வாரம் கழித்து, "கடவுள் எதுக்குக் கொடுத்தான்னுதான் தெரியலை" என்றார்.

காரணம் இருந்தது. அண்ணன் ஓடினால் அவர் கால்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டு வரும். பந்தை எறிந்தால் கையில் பட்டு மூக்கில் படும். யார் மேலாவது இடித்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி, "தப்பா நெனைக்காதீக" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். ஒரு பந்தயத்தில் எதிர்க்கட்சிக்காரன் கையை நீட்டி, "அண்ணே, இங்கிட்டு" என்றான். அண்ணன் பந்தைக் கொடுத்துவிட்டார்.

"ஏன்யா கொடுத்தே?" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மருவாதியா கேட்டாக சார். எப்படி இல்லைங்கறது?"

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாத ஒன்று இருந்தது. வளையத்துக்குக் கீழே போகும்போது அண்ணன் குனிவார். வீட்டு வாசலில் நிலை இடிக்காமல் குனிவோமே, அதேபோல. மேலே இருக்கும் வளையத்துக்கும் அவர் தலைக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம். இருந்தும் குனிவார். பந்தைப் போட வேண்டிய இடத்தில் பூமியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு நெட்டையனை வைத்துக்கொண்டு மாஸ்டர் என்ன செய்வார், பாவம்.

ஒருநாள் ஒரு மூங்கில் கழியை அண்ணன் முதுகோடு சேர்த்து வைத்துத் துண்டால் கட்டிவிட்டார். சாயங்காலம் வரை அவிழ்க்கக் கூடாது என்று உத்தரவு. அன்று மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது. மெஸ்ஸின் வாசலோ தாழ்ந்த வாசல். அண்ணனால் குனியவும் முடியவில்லை, உள்ளே வரவும் முடியவில்லை. பக்கவாட்டில் முயற்சி செய்தார், பின்பக்கமாக முயற்சி செய்தார். கடைசியில் ஜன்னல் வழியாக நாங்கள் சோற்று உருண்டையை நீட்ட, வெயிலில் நின்றபடி வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் கழியை அவிழ்த்ததும் பழையபடி வளைந்துகொண்டார். அந்த வருஷம் எல்லாரிடமும் தோற்றோம்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்த அண்ணனைப் பார்த்து நாங்கள் அசந்து போனோம். கால் இடறவில்லை. முன்னே, பின்னே, பக்கவாட்டில், எங்கே போகச் சொன்னாலும் பூனைபோலப் போனார். மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை, தான் கொடுத்த கயிறு தாண்டும் பயிற்சிதான் காரணம் என்று.

நான் கேட்டதற்கு அண்ணன் சிரித்தார். "கயிறை அன்னைக்கே கன்னுக்குட்டி கட்ட எடுத்துக்கிட்டாக தம்பி. கோடை பூராவும் ஏத்தம் மிதிச்சேன். அம்புட்டுதேன்." கிணற்று ஏற்றத்தின் மரத்து மேல் முன்னும் பின்னும் நடந்து நடந்து தண்ணீர் இறைக்கிற வேலை. கால் தப்பினால் கிணற்றுக்குள் போக வேண்டியதுதான். அப்படிக் கற்ற கால் எப்படி இடறும்?

அடுத்த கோடை முடிந்து வந்தபோது கையும் வந்திருந்தது. அறுப்பு முடிந்து வைக்கோலைப் போராக அடுக்கிப் படப்பு போடும்போது, கீழேயிருந்து வைக்கோல் கட்டை மேலே இருப்பவன் மடியில் சேர்க்கிற வேலையை அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வேகமாக எறிந்தால் மேலே நிற்பவன் உருண்டு விழுவான். மெத்தென்று போய் உட்கார வேண்டும். அதே கையால் இப்போது பந்தைப் போட்டார். வளையத்தின் விளிம்பில் பந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்துவிட்டு உள்ளே விழும். அதுவும் குனிந்தபடியே போட்டு.

"கால் வந்திருச்சு, கை வந்திருச்சு. முதுகு எப்பய்யா வரும்?" என்று மாஸ்டர் கேட்டார்.  அண்ணன் முகம் சுண்டிப் போனது.

அன்று சாயங்காலம் ஆரப்பாளையம் பக்கம் ஒரு கடையில் பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் விஷயத்தைச் சொன்னார். அவருக்குத் தாய்மாமன் மகள் ஒருத்தி, அழகம்மா. சின்ன வயதிலிருந்தே இவருக்கு அவள் என்று பேச்சு. மீசை முளைக்கிற வயதில் ஒரு கோயில் கொடைத் திருவிழாவின்போது பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். எதிர் வரிசையில் இருந்த மாமா, "இவன் இப்படியே வளந்தா எம் பொண்ணு இவன் இடுப்புக்குத்தேன் வருவா" என்று சொல்லியிருக்கிறார். பந்தியே சிரித்திருக்கிறது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி, ஒரு முழத்தை உள்ளே இழுத்துக்கொண்டு போவாராம். பழகிப் பழகி வளைவே நிலைத்துவிட்டது.

"வருசா வருசம் வளந்துக்கிட்டே போறேன் தம்பி. எம்புட்டுத்தேன் மடக்குறது? பேச்சை எடுத்தாலே மாமா 'பாப்போம் பாப்போம்'ங்கறாக. என் உசரம் தெரிஞ்சு போச்சோன்னு பயமா இருக்கு."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

"அது எங்க சொல்லும்? ஒருதரம் கதவுக்குப் பின்னாடி நின்னு, 'முதுகு வலிக்குதா'ன்னு கேட்டுச்சு." இதைச் சொல்லும்போது அந்த நெடிய மனிதர் வெட்கப்பட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பும் வந்தது, இரக்கமும் வந்தது.

அந்த வருஷம் நாங்கள் ஜெயித்து ஜெயித்துக் கடைசிப் பந்தயத்துக்கு வந்துவிட்டோம். எதிர்க்கட்சி, ஊரில் இருந்த இன்னொரு கல்லூரி. அவர்களுடைய நெட்டையன் சின்னையா. சின்னையா வேறு யாருமில்லை, அழகம்மாவின் அண்ணன்.

பந்தயத்தன்று அண்ணன் நன்றாகத்தான் இருந்தார். விசில் ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் வேப்பமரத்தடியில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. மகன் ஆடுவதைப் பார்க்க மாமா வந்து இறங்கினார். முறுக்கு மீசை, தோளில் துண்டு. யாரோ பெஞ்சைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் நெட்டையரைக் காணவில்லை. அதாவது, அங்கேதான் நின்றார். ஆனால் என் உயரத்துக்கு நின்றார்.

முதல் பாதியைப் பற்றி என்ன சொல்ல? நடுவட்டத்தில் பந்தைத் தூக்கிப் போட்டால் சின்னையா தட்டுவான். இவர் மடக்கிய முழங்காலோடு நண்டு மாதிரி நடந்துகொண்டிருந்தார். இடைவேளையில் மாஸ்டர் அவரைத் திட்டக்கூட இல்லை; விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். நான்தான் கெஞ்சினேன்.

"அண்ணே, இன்னைக்கு ஒருநாள் நிமிருங்கண்ணே."

"நிமிந்தா கோப்பை வரும் தம்பி. அழகம்மா போயிரும்."

 தண்ணீர்ச் சொம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இரண்டாவது பாதியில்தான் அது நடந்தது. எங்கள் கூடைக்கு அடியில் அண்ணன் குனிந்து நின்றார். மேலே வந்த பந்தை எட்டுவதற்காக சின்னையா அவர் முதுகில் இரண்டு கையையும் ஊன்றி, பச்சைக்குதிரை தாண்டுகிற மாதிரி எழும்பி, பந்தைப் பிடித்துப் போட்டுவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. நடுவர் தப்பாட்டம் என்று விசில் ஊத மறந்து சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதை அண்ணன் பார்த்தார்.

அவர் நிமிர ஆரம்பித்தார். ஆரம்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும், அது முடிய வெகுநேரம் ஆனது. முழங்கால் நிமிர்ந்தது, இடுப்பு நிமிர்ந்தது, தோள் அகன்றது, கழுத்து எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. மூன்று வருஷமாக ஒரே அறையில் இருந்த எனக்கே இவர் யார் என்று சந்தேகம் வந்துவிட்டது. சின்னையா அண்ணாந்து பார்த்து, "மச்சான்?" என்றான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "தம்பி, மேல போடு. படப்பு உச்சிக்குப் போடு."

போட்டேன். அதற்கப்புறம் எனக்கு வேறு வேலையே இல்லை. நான் மேலே போடுவேன். அவர் பறித்து வளையத்துக்குள் மெத்தென்று வைப்பார். திரும்ப நடுவட்டம், திரும்ப அவர் கை. சின்னையா குதித்துக் குதித்து வேர்த்துப் போனான். இடிபட்டவர்களிடம் மட்டும் அப்போதும் நின்று, "தப்பா நெனைக்காதீக" என்றார். ஒரு கூடை வித்தியாசத்தில் ஜெயித்தோம். மாஸ்டர் மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

எல்லோரும் கோப்பையைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்க, அண்ணன் தனியாகக் கம்பத்தடியில் நின்றார். மாமா எழுந்து அவரை நோக்கி வந்தார். வர வர அண்ணன் வளைய ஆரம்பித்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன், என்னால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்றாலும்.

"நிமிந்தே நில்லுங்க மாப்ள" என்றார் மாமா. பின்னால் போய் அவர் முதுகில் கையை வைத்து, மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். மாட்டுத் தாவணிச் சந்தையில் காளை பிடிக்கிறவர் தடவுவாரே, அப்படி. இரண்டு தரம் தடவினார். மீசை துடித்தது.

"வளைவே இல்லையே மாப்ள."

"இல்ல மாமா."

"கூனு விழுந்துருச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். எங்க அக்கா மனசு நோகுமேன்னு கேக்கவும் முடியல, கூனனுக்குப் பொண்ணைக் குடுக்கவும் மனசு ஒப்பல. பாப்போம் பாப்போம்னு நாளைக் கடத்திக்கிட்டுத் திரியறேன். எதுக்கு இப்படி வளைஞ்சு கெடந்தீக?"

அண்ணன் தட்டுத் தடுமாறி, கொடை, பந்தி, இடுப்பு என்று எல்லாவற்றையும் சொன்னார். மாமா யோசித்துப் பார்த்தார். அவருக்கு நினைவே வரவில்லை.

"பந்தியில உக்காந்து சொன்னதையெல்லாமா மனசுல வச்சுக்கிட்டிருப்பாக? வைகாசியில முகூர்த்தம் பாக்கச் சொல்றேன். அதுவரைக்கும் குனியாம இருங்க."

கல்யாணத்துக்குக் கட்சி முழுக்கத் திருவாதவூர் போனோம். சின்னையாதான் எங்களுக்குப் பரிமாறினான். அழகம்மாவை மணைப்பலகை மேல் மணைப்பலகை போட்டு நிற்க வைத்தும் மாலை அண்ணன் நெஞ்சு வரைக்கும்தான் எட்டியது. அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சந்தோஷமாகக் குனிந்தார். என் பக்கத்தில் நின்ற மாஸ்டர், "போச்சு, திரும்பவும் போச்சு" என்று முணுமுணுத்தார்.

பல வருஷம் கழித்து நான் ஆரப்பாளையத்தில் வீடு கட்டினேன். வாசல் நிலையை இவ்வளவு உயரத்துக்கு வைக்கச் சொன்னதும் கொத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க வீட்டுல யாருங்க இம்புட்டு உசரம்?" என்று கேட்டார். "ஒருத்தர் வருவார், வைங்க" என்றேன்.

கிரகப்பிரவேசத்துக்கு அண்ணனும் அழகம்மாவும் வந்தார்கள். வாசலில் நின்று, "நிமிந்தே வாங்கண்ணே, உங்களுக்காகத்தான் வச்சிருக்கு" என்றேன். அண்ணன் நிலையை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குனிந்துதான் வந்தார். "தப்பா நெனைக்காத தம்பி, பழகிருச்சு" என்றார்.

அண்ணன் போய்ச் சேர்ந்து இப்போது சில வருஷம் ஆகிறது. நிலையைச் சின்னதாக்கி, இந்தக் காலத்துக் கதவு போடலாம் என்கிறான் என் மகன். நான் சம்மதிக்கவில்லை. அவர் இல்லை என்பது எனக்குத் தெரியாமலா இருக்கிறது? தெரியும். இருந்தாலும் அந்த நிலை அந்த உயரத்திலேயே இருக்கட்டும்.