ஸ்ரெல்லா ரீச்சர் கதைக்கிறன்

மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டபோது பத்மாசினியின் கன்னம் மேசையோடு ஒட்டிக் கிடந்தது. தலையை நிமிர்த்த நேரம் இருந்தது. ஆனால் நிமிர்த்தியபின் செய்துகொண்டிருப்பதாகக் காட்ட அந்த மேசையில் ஒரு வேலையும் இருக்கவில்லை. கை தன்பாட்டில் போய் ரெலிபோனைத் தூக்கிக் காதில் வைத்தது.

“ஓம் ரீச்சர்… விளங்குது ரீச்சர். நாங்கள் உடனை பாக்கிறம்.”

முகாமையாளர் கஜானன் ஹெல்மற்றைக் கழற்றாமலே நின்று கேட்டான். அவள் போனை வைத்ததும், ஆர் கதைச்சது என்று விசாரித்தான். காற்று என்று சொல்ல முடியுமா? வாயில் வந்த பெயரைச் சொன்னாள். ஸ்ரெல்லா ரீச்சர். பென்சன் எடுத்தவ. சேர்ச்சுக்குப் பின்னால் உள்ள சின்ன ஒழுங்கையில் வீடு. தண்ணி உப்புக் கரிக்குதாம்.

கஜானனின் முகம் தேர் இழுபட்டதைக் கண்டவன் முகம்போல் மலர்ந்தது.

“கடைசியா ஒரு முறைப்பாடு வந்திட்டுது அக்கா,” என்றான்.

வட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொடுக்கும் ஒரு சின்னச் சங்கம் அது. வாடகை வீடொன்றில் அலுவலகம். கஜானன் மயிலிட்டிப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பத்துப் பெடியன். அவனுக்கு இது முதல் உத்தியோகம். வந்த உடனேயே முறைப்பாட்டுப் பிரிவு ஒன்றைத் திறந்தான். ஒரு மேசை, நம்பர் காட்டாத பழைய போன் ஒன்று, பொறுப்பாகப் பத்மாசினி. முறைப்பாட்டுப் பிரிவில் இருப்பவர் கைப்போன் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம்.

எல்லாம் சரி. முறைப்பாடுதான் வரவில்லை. ஊரில் தண்ணி நின்றால் சனம் குழாய் பூட்டித் திருத்துகிற ஜெயதீபனுக்குத்தான் போன் அடிக்கும். அவன் எடுக்காவிட்டால் அவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிவிட்டு, அப்படியே முற்றத்தில் நின்று ஊர்க்கதையும் கதைத்துவிட்டு வரும். ஒரு மேசையிடம் போய்த் தன் குறையைச் சொல்லும் வழக்கம் அந்தப் பக்கத்தில் எவருக்கும் இல்லை.

பத்மாசினி வீட்டில் இருக்கிறவரை பம்பரம். புருசனின் வெங்காயத் தோட்டம், பிள்ளைகளின் ரியூசன், மாடு, அடுப்பு. அலுவலகத்துக்கு வந்து கதிரையில் இருந்தால் நேரம் உறைந்துபோகும். கிளிப்புகளைக் கோத்துச் சங்கிலி செய்தாள், பிறகு கழற்றினாள். சுவர்க் கலண்டரின் ராகுகாலமெல்லாம் மனப்பாடம். கூரையில் திரிந்த பல்லிக்குப் பெயர் வைத்தாள். அது செத்தபோது உண்மையாகவே கவலைப்பட்டாள். பின்பக்கப் பலகைத் தடுப்புக்கு அப்பால் குசினி. அங்கிருந்து பராசக்தியக்கா பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் வந்து, “தேத்தண்ணி” என்று கோப்பையை வைத்துவிட்டுப் போவா. பத்மாசினி “ம்” என்பாள். முழு நாளிலும் அந்த மேசையில் நடக்கிற கதை அவ்வளவுதான்.

அதனால் ஸ்ரெல்லா ரீச்சரின் உப்புத் தண்ணி, சங்க வரலாற்றில் பெரிய சம்பவமாகிவிட்டது. கஜானன் ஜெயதீபனைக் கூப்பிட்டு, ரீச்சர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சரிசெய்துவிட்டு வந்து சொல்லச் சொன்னான். இல்லாத வீட்டைத் தேடி அலைந்துவிட்டு வந்து அவன் என்ன சொல்லப்போகிறானோ என்று பத்மாசினி பின்னேரம்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயதீபன் வேர்த்து வழிய வந்தான்.

“சரியாக்கிப்போட்டன் சேர். குழாயிலை ஊத்தை அடைச்சிருந்தது. ரீச்சர் நல்ல மனுசி. தேத்தண்ணியும் வடையும் தந்தவ.”

பத்மாசினிக்குப் புரைக்கேறிவிட்டது. அவனைப் பொய்யன் என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் தான் யார் என்று சொல்ல வேண்டும். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளிப்புகளைக் கோக்கத் தொடங்கினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கஜானன் அடுத்த நாளும், ரீச்சர் திரும்பப் போன் எடுத்தவவோ என்று கேட்டான். எடுத்தவ என்றாள். அதன்பிறகு அது பழக்கமாகிவிட்டது. வெயில் ஏறி, ரோட்டில் ஓட்டோகூட ஓடாத நேரத்தில் போனைத் தூக்கிக் காதில் வைத்து ரீச்சரோடு கதைப்பாள். முதலில் தண்ணியைப் பற்றி. பிறகு வெங்காய விலையைப் பற்றி. பிறகு மூத்தவள் கணக்குப் பாடத்துக்குப் பயப்படுவதையும், தன் புருசன் சாப்பிடும்போது ஒரு சொல்லும் பேசாமல் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பதையும் பற்றி. மறுபக்கம் வெறும் இரைச்சல். என்றாலும் கதைத்து முடித்தபின் மனசு ஆறிப் போயிருக்கும்.

வீட்டிலும் ஒரு மாற்றம் வந்தது. ஒருநாள் சோறு போடும்போது ரீச்சரைப் பற்றிச் சும்மா சொன்னாள். புருசன் தலையை நிமிர்த்தினான். பிறகு ஒவ்வொரு இரவும், “இண்டைக்கு ரீச்சர் என்ன சொன்னவ?” என்று அவனாகவே கேட்கத் தொடங்கினான். கலியாணம் செய்த காலத்துக்குப் பிறகு அந்த மனுசன் இவ்வளவு ஆவலாக அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை.

இப்படியே போய்க்கொண்டிருக்கையில், ஒரு திங்கட்கிழமை, அந்தப் போன் அடித்தது.

அது அடிக்கும் என்பதே பத்மாசினிக்கு மறந்துபோயிருந்தது. பயந்து பயந்து எடுத்தாள்.

“வணக்கம். நான் ஸ்ரெல்லா ரீச்சர் கதைக்கிறன்,” என்றது ஒரு பெண் குரல். கரும்பலகையில் எழுதியதுபோல் ஒவ்வொரு எழுத்தும் தெளிவு.

பத்மாசினி போனைப் பட்டென்று வைத்துவிட்டாள். அடுத்த நாள் வீட்டிலிருந்து திருநீறு கொண்டுவந்து அதில் பூசினாள். பூசியபிறகுதான், ரீச்சர் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவ, இதற்கெல்லாம் அடங்குவாவோ என்ற சந்தேகம் வந்தது. அடங்கவில்லை. அன்றைக்கும் போன் அடித்தது. நேற்று லைன் அறுந்துபோட்டுது போல என்று குரல் மரியாதையாகச் சொல்லிவிட்டு, தண்ணி இப்போது நல்லாய் இருக்கிறது, மெத்தப் பெரிய உபகாரம் என்றது.

இது ஜெயதீபனின் வேலைதான் என்று பத்மாசினி முடிவுகட்டினாள். சொன்ன பொய்யை மூட, தன் மனைவியைக் கொண்டு கதைக்க வைக்கிறான். பிடிக்கவேண்டும் என்று குரலிடம் வளைத்து வளைத்துக் கேள்வி கேட்டாள். குரல் பிடிகொடுக்கவில்லை. அது அவளைக் கேள்வி கேட்டது. சாப்பிட்டாச்சோ? மூத்தவளுக்குச் சோதினை எப்படி? பிள்ளைக்குக் கணக்கு வராவிட்டால் ஏசாமல் பக்கத்தில் இருக்கச் சொன்னது. பத்மாசினி அப்படியே செய்து பார்த்தாள். பிள்ளை அழாமல் கணக்குச் செய்தாள். அதன்பிறகு யாருடைய குரல் என்று ஆராய்வதை விட்டுவிட்டு, போன் எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினாள். ஜெயதீபனின் மனைவி இவ்வளவு நல்லவளா என்று மட்டும் இடைக்கிடை யோசிப்பாள்.

கரைச்சல் கஜானனால் வந்தது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஸ்ரெல்லா ரீச்சருக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகச் சொன்னான். முதலாவது முறைப்பாட்டாளர் என்ற கௌரவம். சபைக்கு முன்னால் ரீச்சர் இரண்டு வார்த்தை பேசவும் வேண்டும்.

ரீச்சருக்குக் கூட்டம் ஒத்துவராது என்றாள் பத்மாசினி. அப்படியென்றால் வீட்டுக்கே போய்ப் போர்த்துவோம் என்றான். ரீச்சர் கனடாவுக்கு மகளிடம் போகிறா என்றாள். அப்ப இண்டைக்கே போவம், போகமுதல் கண்டாக வேண்டும் என்று எழும்பி மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துவிட்டான். வாசலை நோக்கி அவன் கால் வைத்த கணத்தில் பத்மாசினியின் நாக்கு அவளைக் கேளாமலே வேலை செய்தது.

“ரீச்சர் செத்துப்போனா சேர். இண்டைக்கு விடிய.”

கஜானன் கதிரையில் இருந்துவிட்டான். பார்த்தால் கண் கலங்கியிருந்தது.

நீங்கள் லீவு எடுத்த அன்று ரீச்சர் போன் எடுத்தவ, நான்தான் கதைச்சனான் என்றான். அவனுடைய அம்மா அவுஸ்திரேலியாவில் அக்காவோடு. அவன் இங்கே அறை எடுத்துத் தனிய இருக்கிறான். “மத்தியானத்திலை கடைப் பணிசோடை நாளைப் போக்காமல் சோறு சாப்பிடும் தம்பி எண்டு சொன்னவ. அம்மாவுக்குப் பிறகு அப்பிடி ஒருதரும் என்னட்டைச் சொன்னதில்லை.”

பத்மாசினிக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது.

பிளக்கவில்லை. வேலைகள்தான் நடந்தன. கஜானன் மலர்வளையத்துக்குச் சொன்னான். வாடகை வான் ஒன்றுக்குச் சொன்னான். கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்குத் தானே வசனம் எழுதினான்: ‘எமது சங்கத்தின் முதலாவது முறைப்பாட்டாளர், தண்ணீரைப் போலத் தெளிந்த உள்ளம்.’ பதாகைக்குப் படம் தேவை. வீடு தெரிந்தவன் ஜெயதீபன் ஒருவன்தானே. செத்த வீட்டுக்குப் போய் ரீச்சரின் நல்ல படம் ஒன்று வாங்கி வா என்று அவனைக் கூப்பிட்டுச் சொன்னான்.

வெளியே மாரி மழை கொட்டத் தொடங்கியிருந்தது. ஜெயதீபன் மழையைப் பார்த்தான், கஜானனைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான்.

தான் அந்த வீட்டுக்குப் போனதேயில்லை என்றான். அன்றைக்கு அந்த ஒழுங்கை முழுக்க விசாரித்தானாம். ஒருவருக்கும் ரீச்சரைத் தெரியவில்லை. “வட்டுக்கோட்டையிலை எனக்குத் தெரியாத வீடொண்டு கிடக்கெண்டு சொல்ல வெக்கமாப் போச்சு சேர். அதுதான் சரியாக்கிப்போட்டன் எண்டனான்.”

“அப்ப போனிலை கதைக்கிறது உம்மடை மனிசி இல்லையோ?” என்று பத்மாசினி கேட்டுவிட்டாள்.

அவளுக்கு ரெண்டு மாதமாகத் தொண்டை கட்டி, தன்னோடேயே கதைக்கிறாளில்லை என்றான் ஜெயதீபன்.

கஜானன் இப்போது பத்மாசினியைப் பார்த்தான். ஒளிக்க இடமில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மேசை, பல்லி, நித்திரை, காற்றோடு கதைத்தது, மனசு ஆறினது, கடைசியில் பயத்தில் ஒரு நல்ல மனுசியைச் சாகடித்தது. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. வேலை போகப்போகிறதே என்று மட்டும் அழவில்லை. இனி மத்தியானத்தில் அந்தப் போன் அடிக்காதே என்ற எண்ணம்தான் அவளைக் கூடுதலாக அழவைத்தது.

கஜானன் ஏசவில்லை. நெற்றியைத் தேய்த்தான்.

“அப்ப என்னைச் சோறு சாப்பிடச் சொன்னது ஆர்?” என்றான்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. அது விடாமல் அடித்தது. பத்மாசினி மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தாள்.

“நான் ஸ்ரெல்லா ரீச்சர் கதைக்கிறன். நான் எப்ப பிள்ளை செத்தனான்?”

குரல் அவளுடைய ஒரு காதுக்குள் போனிலிருந்து வந்தது. மற்றக் காதுக்குள், பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து வந்தது.

பத்மாசினி போனை மேசையில் வைத்துவிட்டுக் குசினி வாசலுக்குப் போனாள். பின்னால் மற்ற இரண்டு பேரும் போனார்கள். தேத்தண்ணிக் கேத்தல் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சின்ன மர வாங்கில், முந்தானையால் வாயை அரைவாசி மூடியபடி, கைப்போனைக் காதில் வைத்துக்கொண்டு பராசக்தியக்கா இருந்தா. மற்ற நாட்களில் பின்வளவுக் கிணற்றடிக்குப் போய்க் கதைக்கிறவ, இன்றைக்கு மழைக்குப் பயந்து உள்ளேயே இருந்துவிட்டா.

அவர்களைக் கண்டதும் போனை மடியில் வைத்தா. கஜானனை ஒருதரம் பார்த்தா. பிறகு பத்மாசினியைப் பார்த்து, ரீச்சரின் குரலில் இல்லாமல், கோப்பையை வைக்கும்போது வருகிற அந்தச் சின்னக் குரலில் சொன்னா:

“நீர் ஒவ்வொரு நாளும் வெறும் போனிலை கதைச்சுக்கொண்டிருந்தீர் பிள்ளை; எனக்கு எல்லாத்துக்கும் மறுமொழி இருந்தது, என்னட்டை ஒருதரும் ஒண்டும் கேக்கேல்லை.”