டாஃபி ஆப்பிள்ஸ் டிக்கெட்டும் என் வெங்காயமும்

இந்தத் தடவை பெவர்லிக்கு டிக்கெட் கிடைக்கவே விடக் கூடாது. முடிவு செய்துவிட்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நானாக எடுத்த முதல் முடிவு.

பெவர்லி என் மனைவி. 'டாஃபி ஆப்பிள்ஸ்' என்ற பாட்டுக் குழுதான் அவளுடைய மதம். மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள், பளபளவென்று உடை, ஆடிக்கொண்டே பாட்டு. குழு கலைந்து இருபது வருஷமாகிறது. ஆனால் அதில் இருந்த ராபினுக்கும் கெய்லுக்கும் காதல் இருந்ததா இல்லையா என்று எங்கள் ஊரில் இன்னும் சண்டை ஓயவில்லை. 'இருந்தது' கட்சிக்குப் பெவர்லி தலைவி. 'இல்லை' கட்சிக்கு என் பல் டாக்டர். குழு மறுபடி ஒன்று சேர்கிறது என்று, என் பல்லைத் துளைத்துக்கொண்டே அழுதார். ஐம்பது வயது மனுஷன்! ஆடிப்போய்விட்டேன்.

கச்சேரி செப்டம்பர் பதின்மூன்று, மான்செஸ்டரில். அன்றைக்குத்தான் எங்கள் ஊர் ராட்சத வெங்காயப் போட்டி. மூன்று வருஷமாக எனக்கு இரண்டாம் பரிசு. இந்த வருஷத்துக்காகப் போன கிறிஸ்துமஸ் அன்றைக்கே விதை போட்டு, படுக்கையறையில் விளக்கு வைத்து வளர்க்கிறேன். வளர்த்தவனே தூக்கிவந்து மேசையில் வைக்க வேண்டும் என்பது போட்டி விதி. பெவர்லி எங்கே போனாலும் நான்தான் காரோட்ட வேண்டும் என்பது என் தலைவிதி.

"கீத், நான் ஸ்கூல் சமையலுக்குப் போகணும். ஒம்பது மணிக்கு டிக்கெட் விக்கறாங்க. கம்ப்யூட்டர் வரிசையில நீ உக்காரு."

"சரி கண்ணு."

மனசுக்குள் துள்ளினேன். பாதியில் மூடிவிட்டு, 'தீர்ந்துபோச்சு' என்று சொல்லிவிடலாம். வேடிக்கை பார்க்கப் பக்கத்து வீட்டு டெரிக் டீயோடு வந்தான்.

திரையில் எங்கள் இடம்: 41,206.

"மூடுடா," என்றான் டெரிக்.

"இரு. கொஞ்சம் நின்னாத்தான் நம்புவா."

எண் இருபதாயிரத்துக்கு இறங்கியது.

"இப்ப மூடு."

"நமக்குப் பின்னால எழுபதாயிரம் பேருடா!"

"அதனால?"

"அதனாலயா? அத்தனை பேரையும் முன்னால போக விடறதா?"

நாங்கள் இங்கிலாந்துக்காரர்கள். வரிசை என்று ஒன்றில் நின்றுவிட்டால் விலகத் தெரியாது. ஒன்றுக்குப் போவதற்குக்கூட டெரிக்கை நாற்காலியில் உட்காரவைத்து, "எடம் போயிடும், அசையாத!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

பன்னிரண்டேகாலுக்கு எங்கள் முறை வந்தது.

"இப்பவாவது மூடித் தொலை!"

"மூணு மணி நேரம் நின்னுட்டு வெறுங்கையோட எந்திரிக்கவா?"

வாங்கிவிட்டேன். ஒன்றல்ல, இரண்டு. டெரிக் தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது. ஐயோ, என் வெங்காயம்!

சாயங்காலம் பெவர்லி வந்தாள். வயிற்றெரிச்சலில் உண்மையைக் கொட்டிவிட்டேன்.

"பாதியில மூடிடணும்னுதான் உக்காந்தேன், தெரியுமா?"

"தெரியுமே."

"தெரிஞ்சுமா என்னை உக்கார வெச்ச?"

"என் தங்கச்சி டோனான்னா அரை மணியில போரடிச்சு எந்திரிச்சிருப்பா. நீ எதுக்கு நிக்கறோம்னே தெரியாம போஸ்ட் ஆபீஸ்ல நின்னவன். உன்னைவிட நம்பகமான ஆள் யாரு?"

தோல்வியை ஒப்புக்கொண்டேன். "போகட்டும். வெங்காயம் போனா போகுது. ரெண்டாவது டிக்கெட்டுல நானும் உள்ள வந்து பாக்கறேன்."

"அது டோனாவுக்கு," என்றாள். "நீ வெளிய கார் பார்க்கிங் வரிசையில நில்லு."