மூன்றாம் சரணமும் வேர்ஷன் அண்ணையும்

ஸ்காபரோவிலிருந்து ஸ்ரௌவ்வில் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், எதையுமே அழிக்க மனம் வராத மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் வேர்ஷன் அண்ணை. சொந்தப் பெயர் அவருடைய கார் இன்சூரன்ஸ்காரருக்கு மட்டும் தெரியும். மார்க்கம் நகரில் ஒரு கொம்பனியில் வேலை. புரோகிராமில் யார் எதை மாற்றினாலும் பழைய பதிப்பு தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி குழம்பில் புளியைக் கூட்டினால், "போன மாச வேர்ஷனுக்குத் திரும்புவமே?" என்பார்.

"போன மாசம் சமைச்சது உங்கடை அம்மா. கூப்பிடுங்கோவன்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அஜின்கோர்ட்டில் எங்கள் மாதா கோவில் பாடகர் குழுவுக்கு விக்கி என்ற இணையப் பக்கத்தை அமைத்துத் தந்தவர் அவர்தான். பாட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். யாரும் திருத்தலாம். திருத்தும்போது காரணம் எழுத வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எங்கள் குழுவில் பாதி யாழ்ப்பாணம், பாதி மன்னார். பெருநாளுக்குப் பாடும் மாதா பாட்டுக்கு இரண்டே சரணம் என்பது யாழ்ப்பாணக் கட்சி. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக மன்றாடும் மூன்றாம் சரணமும் உண்டு என்பது மன்னார்க் கட்சி. மன்னார்ப் பிலோமினா அதை விக்கியில் சேர்ப்பார். குழுவை நடத்தும் அல்பேட் மாஸ்டர் அழிப்பார். காரணம்: "நேரம் போகுது." பிலோமினா திரும்பச் சேர்ப்பார். காரணம்: "போகட்டும்."

நான் கீபோர்ட் வாசிப்பவன், யாழ்ப்பாணம். என் மனைவி மன்னார். ஆகவே இந்தச் சண்டை எங்கள் சாப்பாட்டு மேசையிலும் நடந்தது.

மனிதரில் பிழையில்லை, விக்கியைச் சேமிக்கும் சிஸ்டத்தில்தான் பிழை என்பது வேர்ஷன் அண்ணையின் முடிவு. முதலில் சப்வேர்ஷன் என்ற ஒன்றில் வைத்தார். அதில் ஒருவர் பக்கத்தைப் பூட்டினால் மற்றவர் தொட முடியாது. மாஸ்டர் பூட்டிவிட்டு லண்டனுக்குக் கலியாணவீடு போய்விட்டார். உடனே அண்ணை எல்லாவற்றையும் மேர்க்கூரியல் என்ற இன்னொரு சிஸ்டத்துக்கு மாற்றினார். அதில் இரண்டு பேரின் திருத்தமும் தனித்தனிப் பதிப்பாக நிற்கும்.

"பாட்டுக்கு இப்ப ரெண்டு தலை இருக்கு, தம்பி. அது பிழையில்லை."

"மாதாவுக்கு முன்னாலை ரெண்டு தலையோடை எப்பிடியண்ணை போய் நிக்கிறது?"

யோசித்தார். பெருநாள் வாரத்தில், யாரையும் கேட்காமல், கிற் என்ற மூன்றாவது சிஸ்டத்துக்கு மாற்றினார். "இதிலை ஆளாளுக்கு முழுக் கொப்பி. கடைசியிலை சேர்த்தால் சரி."

பெருநாள் காலை பிலோமினா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இண்டைக்கு மூண்டாம் சரணம் இல்லையெண்டால் நாங்கள் வேறை கோவில் பாக்கிறம்." அவர் சிறுமியாக இருந்தபோது கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வரவில்லை. அது மாஸ்டருக்கும் தெரியும். ஆனால் விட்டுக்கொடுத்தால் குழு தன் கையை விட்டுப் போய்விடும் என்று அவருக்குப் பயம். பிலோமினாவுக்குப் பக்கத்தில்தான் என் மனைவியும் நின்றாள்.

நற்கருணை முடிந்தது. அடுத்தது மாதா பாட்டு. பாட்டு வரிகளைக் காட்டும் ரப்லெட்டைப் பார்த்தேன். இரண்டு சரணத்துக்குக் கீழே ஒரு வரி நிறைய அம்புக்குறிகள், பிறகு மூன்றாம் சரணம், பிறகு சமன் குறிகள், பிறகு வெறும் இடம், பிறகு திரும்பவும் அம்புகள்.

"என்னண்ணை இது?" என் முதுகுக்குப் பின்னால் லப்ரொப்போடு குந்தியிருந்தவரைக் கேட்டேன்.

"மாஸ்டரும் பிலோமினாவும் விடிய ஒரே இடத்திலை கை வைச்சிட்டினம். ஒண்டை நான் தெரிவுசெய்ய வேணும்."

"செய்யுங்கோவன்!"

"மற்றது பாட்டிலையிருந்து போயிடுமே, தம்பி."

வாசிக்கத் தொடங்கினேன். முதல் சரணம் போனது. இரண்டாம் சரணமும் முடிந்தது. மாஸ்டர் நிறுத்தக் கையை உயர்த்தினார். மன்னார் வரிசையில் கைப்பைகள் தோளில் ஏறின. என் மனைவியும் குனிந்து தன்னுடையதை எடுத்தாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். கீபோர்ட்தான் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. வேர்ஷன் அண்ணை எழுந்து நின்று, கண்ணை இறுக மூடி, மூன்றாம் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தார். அவர் பாடி நாங்கள் கேட்டதே இல்லை. ஏன் பாடவில்லை என்பது முதல் அடியிலேயே விளங்கியது. அடிக்கு அடி சுருதி மாறியது. மாஸ்டர் எதையும் பொறுப்பார், சுருதி விலகுவதைப் பொறுக்கமாட்டார். இரண்டு அடி பல்லைக் கடித்தார். மூன்றாவது அடியில், உயர்த்திய கையாலேயே தாளம் காட்டி, முழுத் தொண்டையில் தானே எடுத்துப் பாடிவிட்டார். பிலோமினா சேர்ந்தார். கைப்பையைப் போட்டுவிட்டு என் மனைவி சேர்ந்தாள். பிறகு எல்லோரும்.

பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் பிலோமினா கேட்டார்: "எப்பிடியண்ணை பாடம்?"

"நீங்கள் போட, அவர் அழிக்க, நான் சிஸ்டம் சிஸ்டமாய்க் காவிக்கொண்டு திரிய... பாடமாய் வந்திட்டுது."

கார் பொனற்றில் லப்ரொப்பை வைத்து, அம்புக்குறிகளை மட்டும் எடுத்தார். சரணத்தை விட்டார். காரணம் கேட்டுத் திரையில் பெட்டி திறந்தது. மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "காரணம் என்னெண்டு போடப்போறீர்?"

அண்ணை பிலோமினாவிடம் திரும்பினார். "அப்பாவின்ரை பேரென்ன, பிள்ளை?"

"சவிரிமுத்து."

அதையே எழுதினார். மாஸ்டர் குனிந்து அந்தப் பெயரை வாசித்தார். பிறகு, "சரி, சேவ் பண்ணும்" என்றார்.

அண்ணை இப்போது விக்கியை இன்னொரு சிஸ்டத்துக்கு மாற்றப்போகிறாராம். மாற்றட்டும். மூன்றாம் சரணம் கூடவே போகும் என்பதால், எங்கள் சாப்பாட்டு மேசையில் இருவருமே இனி அதைப்பற்றி வாய் திறக்கமாட்டோம்.