நோட்டு நிறைய முனியன்

இந்தக் கதையை இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன். அதில் இருபது வருஷமாக எனக்கே அதன் மேல் சந்தேகம்.

கதை சின்னதுதான். எண்பத்தேழாம் வருஷம், இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் ரோட்டில் இறங்கிய அந்தப் புரட்டாசியில், போலீஸ் என்னைத் தேடியது. நான் கல்வராயன் மலையில் ஒன்பது நாள் தலைமறைவாக இருந்தேன். இதைக் கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் கூட்டத்தில், டீ வருவதற்கு முன்னால் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் ஒரு நிமிஷம் என்னை வேறு ஆளாகப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மறுபடி மறுபடி சொன்னேன். சொல்லி முடித்து வீட்டுக்குத் திரும்பும்போது, நடந்ததைத்தான் சொன்னேனா என்று மனசு கேட்கும்.

அப்போது நான் தியாகதுருகத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். பெயர் தனசேகரன். வயது முப்பத்து மூன்று. பயத்துக்கு வயது அதைவிட ஜாஸ்தி. நாய் குரைத்தால் பயம். குரைக்காவிட்டால் ஏன் குரைக்கவில்லை என்று பயம். எல்லாவற்றிலும் பெரிய பயம் என் தங்கை தைலம்மாளின் கல்யாணம். அப்பா சாகும்போது, "பாத்துக் குடுடா" என்றார். எதைப் பார்த்து என்று சொல்லவில்லை. அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

ஒரே பூட்டன் வழியில் வந்தவர்கள் பங்காளிகள். அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் பெண் கொடுக்கக் கூடாது. அடுத்த ஊரில் ஒரு ஜோடிக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் கழித்து, இரண்டு வீட்டுக்கும் ஒரே பூட்டன் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ஊர் கூடியது. நடுவில் அந்தப் பெண் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். அந்த இடத்தில் தைலம்மாளை நிறுத்திப் பார்த்தேன். அன்றே சபதம் எடுத்தேன். பெண் கேட்டு எவன் வந்தாலும் அவன் வம்சத்தில் ஏழு தலைமுறையைத் தோண்டாமல் தைலம்மாளைக் கொடுப்பதில்லை.

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தோண்டுவதற்குத் துணையாக இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் பிச்சைமுத்து, பழைய கிராமக் கணக்குப்பிள்ளை. அந்த வேலையையே அரசாங்கம் ஒழித்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் வெள்ளைக்காரன் காலத்துப் பிறப்பு இறப்புக் கணக்கின் நகல்கள் அவர் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தன. இன்னொருவர் காத்தான், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்காரர். தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் பழக்கம். சாதிச் சான்றிதழுக்காக அப்பன் பெயரை ரெக்கார்டில் தேடி அவர் மலை இறங்கி வருவார். நான் பூட்டன் பெயரைத் தேடி வருவேன். இரண்டு பேரையும் நாளைக்கு வா என்பார்கள். அப்படி வளர்ந்த சிநேகம்.

ஐந்து வருஷத்தில் என் நோட்டில் இருநூற்றுப் பதினாலு பெயர் சேர்ந்தது. தைலம்மாளைக் கேட்டு வந்த மூன்று மாப்பிள்ளைகளும் திரும்பிப் போனார்கள். மூன்று பேருக்கும் மூதாதை முனியன். எங்கள் பூட்டனும் முனியன்.

பிச்சைமுத்துவே அலுத்துப் போனார்.

"வாத்தியாரே, இந்தப் பிர்காவுல முனியன் இல்லாத வூடு ஒண்ணக் காட்டு பாப்போம். முனியப்பன் கோயில் இருக்கற ஊர்ல மூத்த புள்ளைக்கி அந்தப் பேருதான்."

"வேற முனியன்னு எப்படிங்க நிரூபிக்கறது?"

"செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லணுமா?"

"சொன்னா நல்லாருக்கும்."

நாலாவதாக வந்தவன் அறிவுச்செல்வன். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு விவசாயம். அவனுக்குக் காபி கொடுக்கும்போதுதான் தைலம்மாள் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். அவனும் காபியைப் பார்க்கவில்லை, சட்டையில் ஊற்றிக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். நான் நோட்டைத் திறந்தேன்.

"உங்க தாத்தாவோட தாத்தா பேரு?"

"முனியன்னு சொல்லுவாங்க."

நோட்டை மூடினேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி அம்சவள்ளி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இன்னாங்க முடிவு?"

"முனியன் இருக்கானே."

"உங்க முனியன் வெள்ளைக்காரன் காலத்துல செத்தவன். எங்க நாத்தனாருக்கு இருவத்தொம்பது முடியப் போவுது."

"முறை தப்பிடுச்சுன்னா?"

"வயசு தப்பிக்கினே இருக்குதே, அது பரவால்லியா?"

"மணலூர்பேட்டைக் கணக்கைப் பாக்கணும். இன்னும் ரெண்டு வருசம் குடு."

அம்சவள்ளி கீரையைக் கொஞ்சம் வேகமாக உருவினாள். பதினொரு வருஷம் குடித்தனம் நடத்தியவன் அந்த வேகத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

பத்து நாளில் மறியல் தொடங்கியது. ரோட்டுக்கு ரோடு புளியமரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். பஸ் நின்றது, பள்ளிக்கூடம் மூடியது. சுட்டார்கள், செத்தார்கள் என்று வடக்கிலிருந்து சேதி வந்தபடி இருந்தது. ஊருக்கு ஊர் போலீஸ் ஆள் பிடித்தது. நான் ரோட்டுப் பக்கமே போகவில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன், பயந்தவன். இரண்டு காரணத்தில் முதலாவதைத்தான் வெளியில் சொன்னேன்.

அம்சவள்ளி சோறு போடும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏங்க, உங்க நோட்ல எத்தினி பேரு இருக்குது?"

"இருநூத்திப் பதினாலு."

"ஊரு பேரு, அப்பன் பேரெல்லாம் எழுதி?"

"ஆமா."

"எல்லாம் நம்ம சனம்."

"ஆமா. அதுக்கின்னா?"

"ஒண்ணுமில்ல. போலீசு கண்ணுல பட்டா, ஆளு சேத்த லிஸ்டுன்னு நெனச்சுக்கும். கொழம்பு ஊத்தட்டுமா?"

எனக்குக் குழம்பு இறங்கவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்பதும் நான் பதில் சொல்வதும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. முனியன் எங்கே? செத்துட்டார் சார். எப்போ? ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டுல சார். இதை எந்த இன்ஸ்பெக்டர் நம்புவார்?

இரண்டு நாள் கழித்து நான் பிச்சைமுத்து வீட்டில் இருந்தேன். அம்சவள்ளி மூச்சு வாங்க வந்தாள். கையில் மஞ்சள் பை.

"வூட்டுக்குப் போலீசு வந்துச்சு."

கையிலிருந்த நோட்டைச் சட்டைக்குள் செருகினேன்.

"எத்தினி பேரு?"

"ரெண்டு ஜீப்பு. பன்னெண்டு பேரு இருப்பாங்க. லிஸ்டு எழுதற வாத்தியாரு எங்கன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"சேலத்துக்குப் போய்க்கிறாருன்னேன். வூட்டுப் பக்கம் வராதீங்க. கரும்புக் கொல்லையோட பூந்து வெள்ளிமலைக்குப் போயிடுங்க. காத்தான் வூட்ல இருங்க. நான் சொல்லி அனுப்பற வரைக்கும் எறங்காதீங்க. நோட்டைக் குடுங்க, ஒளிச்சு வெக்கறேன்."

பையில் இரண்டு வேட்டி, துண்டு, சவரக் கத்தி, ஜீரண மாத்திரை, பூண்டு ஊறுகாய். ஓடி வந்தவள் இவ்வளவையும் மடித்து வைக்க எப்போது நேரம் கிடைத்தது என்று நான் யோசிக்கவில்லை. பயந்தவனுக்கு யோசனை பிற்பாடுதான் வரும். எனக்கு இரண்டு வருஷம் பிந்தி வந்தது. பிச்சைமுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், எனக்காகப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

கரும்புக் கொல்லை வழியாக நடந்தேன். தோகை கிழித்து முகமெல்லாம் கோடு. கள்ளக்குறிச்சி வருவதற்கு முன்னால் காக்கிச் சட்டை ஒன்று எதிரே தெரிந்தது. வாய்க்காலில் குதித்தேன். அவர் கரையில் நின்று குனிந்து பார்த்தார். தோளில் தபால் பை.

"வழுக்கிட்டீங்களா வாத்தியாரே?"

"குளிக்கறேன்."

"செருப்போடவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கொஞ்ச தூரத்தில் ரோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. அங்கே ஒரு புளியமரத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். "சும்மா பாத்துக்கினு நிக்கறியே, ஒரு கை புடி" என்றான் ஒருவன். மாட்டேன் என்று சொல்லவும் பயம். பிடித்து இழுத்தேன். கால் மணி நேரம் இழுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவரை நான் செய்யாத குற்றத்துக்காக ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது செய்தாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் நடக்கவில்லை, ஓடினேன்.

மறுநாள் மலையேறிக் காத்தான் வீட்டு வாசலில் நின்றபோது, அவர் மனைவி சாமியம்மாள் சாமைச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். காத்தான் என் முகத்துக் கோடுகளை எண்ணுவது போலப் பார்த்தார்.

"புலி கிலி துரத்துச்சுங்களா?"

"போலீசு."

"போலீசு இப்படிக் கீறாதே."

விஷயத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"செத்தவங்க பேரை எழுதினதுக்கா தேடறாங்க? என்னை மாதிரி உசுரோட இருக்கறவன் பேரைத் தேடச் சொன்னா அகப்படலேங்கறாங்க."

"முனியன் பேருதான் ஜாஸ்தி இருக்குது."

"இங்கயும் பதினாலு முனியன் இருக்கறாங்க. எங்க நாயைச் சேத்தா பதினஞ்சு."

ஒன்பது நாள் இருந்தேன். கீழேயிருந்து ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆட்டுப் பட்டிக்குள் போய் உட்கார்ந்தேன். ஒரு தடவை மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வந்த ஜீப். ஒரு தடவை பிரசவத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப். நாலு நாளில் ஆடுகள் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தன. அந்த வருஷத்தில் கேட்காமலே ஒதுக்கீடு பெற்றவன் நான் ஒருவன்தான். மீதி நேரமெல்லாம் தைலம்மாளைப் பற்றியே நினைத்தேன். நான் ஜெயிலுக்குப் போனால் அவளை யார் கட்டுவான்? போகாவிட்டாலும் யார் கட்டுவான்? இந்த இரண்டாவது கேள்வி அங்கேதான் முதன்முதலாக எனக்கு வந்தது.

பத்தாம் நாள் ஒரு ஜீப் டிரைவர் சேதி கொண்டுவந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இறங்கி வரலாம்.

வந்தேன். என் வீட்டு வாசலில் இரண்டு வாழைமரம் கட்டியிருந்தது, வாடிப் போய். உள்ளே என் நாற்காலியில் அறிவுச்செல்வன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். எழுந்து, "வாங்க மச்சான்" என்றான். சமையல்கட்டிலிருந்து தைலம்மாள் எட்டிப் பார்த்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. என்னைப் பார்த்ததும் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். என் தங்கை என்னைக் கண்டு பயந்தாள். என்னைக் கண்டு பயப்பட ஒரு ஜீவன் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அம்சவள்ளியிடம் போனேன்.

"புரட்டாசியில எவ கல்யாணம் வெப்பா?"

"அதான் எவனும் சந்தேகப்படல."

"ஐயரு இன்னா சொன்னாரு?"

"பஸ் இல்லைல்ல, வரல. மாப்பிள்ளையோட அப்பா பகுத்தறிவு ஆளு. புரட்டாசின்னா அவருக்கு செப்டம்பர். மாலை மாத்தி, தாலி கட்டி, முடிஞ்சுது."

"மணலூர்பேட்டையிலிருந்து எப்படி வந்தாங்க?"

"நடந்து. பதினேழு பேரு. மாப்பிள்ளை மரத்துக்கு மரம் ஏறி எறங்கி வந்தாருங்க. நீங்க நோட்டை மூடினதுக்கப்புறமும்."

"பொண்ணுக்கு அண்ணன் எடத்துல யாரு நின்னது?"

"பிச்சைமுத்து ஐயா."

விட்டத்தைப் பார்த்த அந்த மனுஷன்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா?"

"நீங்கதான் போலீசுக்குப் பயந்து மலையில இருந்தீங்களே. உங்களுக்கோசரம் கல்யாணத்தை நிறுத்தினா, அந்தப் பொண்ணு கதி?"

தைலம்மாள் வந்து என் காலில் விழுந்தாள். கூடவே அவனும் விழுந்தான். எழுந்திருங்கள் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வசனம் இருக்கவில்லை. அம்சவள்ளி என் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: தைலம்மாள், அறிவுச்செல்வன். இருநூற்றுப் பதினாலு பேருக்குக் கீழே, உயிரோடு இருக்கிற இரண்டு பேர்.

பிற்பாடு பிச்சைமுத்து மணலூர்பேட்டைக் கணக்கைக் காட்டினார். அவர்கள் முனியன் இறந்து மூன்று வருஷம் கழித்துத்தான் எங்கள் முனியன் பிறந்திருக்கிறார். வேறு வீடு, வேறு வம்சம். அந்தக் கணக்கு அவர் பெட்டியிலேயே, நான் வாரா வாரம் புரட்டிய கட்டுக்கு அடியில் இருந்தது. அந்தக் கட்டை நான் தூக்கவே இல்லை. தூக்கியிருந்தால் சரி என்று சொல்ல வேண்டியிருக்கும். சரி என்று சொல்லத்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கிறது. அப்பா அந்தப் பயத்தைத்தான் பார்த்துக்கொள்ளச் சொன்னாரோ என்னவோ.

தைலம்மாள் நன்றாக இருக்கிறாள். எனக்கு மிஞ்சியது அந்தத் தலைமறைவு ஒன்றுதான். அதையாவது முழுசாக வைத்துக்கொள்ளலாம் என்றால் அம்சவள்ளி விடவில்லை. எங்கள் மகள் ரம்யாவுக்கு விவரம் தெரிந்த வயதில் அவளிடம் நான் சொன்னபோது, அம்சவள்ளி கணக்கில் வந்தது ஒரு ஜீப். சம்பந்தி வீட்டில் சொன்னபோது, இரண்டு போலீஸ், ஒரு மோட்டார் சைக்கிள். போன பொங்கலுக்கு மணலூர்பேட்டை போயிருந்தோம். தைலம்மாளின் மகள் தேவிப்ரியா காலேஜில் படிக்கிறவள், எதையும் நம்ப மாட்டாள்.

"அத்தை, மாமாவைத் தேடி நெஜமாவே போலீஸ் வந்துச்சா?"

அம்சவள்ளி வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "ஒரு ஏட்டு வந்தாரு, சைக்கிள்ல" என்றாள்.

தைலம்மாள் அடுப்பைப் பார்க்கிற மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. தியாகதுருகம் கோட்டை மலை கண்ணில் படும் வரை தைரியம் சேர்த்தேன். எனக்கு ஐம்பத்தைந்து வயது. உண்மை எதுவானாலும் இனி என்னை யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது. ஆனாலும் முன் சீட்டுக்காரர் காதில் விழாமல் மெதுவாகக் கேட்டேன்.

"அம்சா, அந்தச் சைக்கிளாவது வந்துச்சா?"