புழுவின் சம்மதம்

"அந்தப் புழுவை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

லிஃப்டில் முன்னால் நின்றவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது, பின்னால் இலைக்கூடையோடு ஒட்டிக்கொண்டு நின்ற ஆராய்ச்சிக்காரியின் காதில் விழுந்தது. ஏதோ விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தாள். மதியமே நெறிமுறைக் குழு அவள் அறைக்கு வந்து இறங்கியது. தலைவர், வாசிக்க ஓர் உறுப்பினர், எழுத ஓர் எழுத்தர்.

அவள் வளர்ப்பவை மரபணு மாற்றிய பட்டுப்புழுக்கள். தீக்காயத்தை ஆற்றும் மனிதப் புரதம் ஒன்றை நூலோடு நூலாகக் கூட்டில் சுற்றித் தருபவை. இந்தக் கூடுகளை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டால் நாளை முதல் அவளுக்கு லீவு. அக்காவுக்குத் தலைப்பிரசவம். "நீ வர்ற வரைக்கும் பெத்துக்க மாட்டேன்டி" என்று அக்கா ஃபோனில் மிரட்டியிருந்தாள்.

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இது என்ன புரதம்?"

"மனுஷப் புரதம் சார்."

"தர்றது யாரு?"

"புழு சார்."

"மனிதப் பொருள் எதையும், தருபவரின் சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாது. கையெழுத்து வாங்கினீங்களா?"

"புழுவுக்கு எழுதத் தெரியாதே சார்."

"எழுதத் தெரியாதவங்களுக்கும் விதி இருக்கும்மா. வாசிச்சுக் காட்டணும். தலையாட்டினாப் போதும்."

உறுப்பினர் தட்டின் அருகே மண்டியிட்டு, மேற்படி ஆய்வின் நன்மை தீமைகளைப் புழுவுக்கு நிறுத்தி நிதானமாக வாசித்தார். கூடு கட்டத் தொடங்கியிருந்த புழு தலையைத் தூக்கியது. இடமும் வலமுமாக ஆட்டியது.



"மறுக்குது" என்றார் உறுப்பினர்.

"சார், கூடு கட்டும்போது எல்லாப் புழுவும் இப்படித்தான் ஆட்டும்."

"எல்லாமே மறுக்குதா!" தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை நாளா இந்த அநியாயம் நடக்குது?"

அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. கூடுகளைத் தொடக் கூடாது. மரபணு மாறியவை என்பதால் புழுக்களை வெளியே விடவும் கூடாது. ஆகவே அவற்றையும், அவற்றின் பிள்ளை குட்டிகளையும், பேரன் பேத்திகளையும் நிறுவனமே உரிய மரியாதையுடன் காலம் முழுக்கப் பராமரிக்கும்.

"யாரு பாத்துக்கிறது?" என்று எழுத்தர் கேட்டார்.

"அதான் இந்தம்மா இருக்காங்களே."

"சார், நாளைக்கு நான் லீவு. அக்காவுக்குப் பிரசவம்."

"பிரசவத்தை உங்க அக்கா பாத்துப்பாங்க. நீங்க இதைப் பாருங்க."

"முடியாது சார்." வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மேலதிகாரி முன் அவள் தலை இடமும் வலமுமாக ஆடியது.

தலைவர் எழுத்தரிடம் திரும்பினார். "சம்மதம்னு எழுதிக்குங்க."

அவள் புழுவைப் பார்த்தாள். பிறகு இலைக்கூடையைத் தூக்கித் தலைவரின் மடியில் வைத்தாள். தலைவரின் தலை இடமும் வலமுமாகப் பதறி ஆடியது.

"சாருக்கும் சம்மதம்னு எழுதிக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தாள்.

எழுத்தர் எழுதிக்கொண்டார்.